நான்கு நாள் முன்னதாக நடந்த விழா

பள்ளியின் மாதச் செய்தி அறிக்கையை எப்படித் தயாரிப்பது என்பது பற்றிப் புதிய ஆசிரியர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். படிவத்தை நிரப்பும் முறை படிவத்திலேயே இருக்கிறது. தலைப்பு எங்கே, கையெழுத்து எங்கே, நகல் எத்தனை என்பதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தவறாக எழுதினால் இலாகா திருப்பி அனுப்பும். மூன்றாவது முறை நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் எழுதிய அறிக்கை உங்களைத் தேடிக்கொண்டு புறப்பட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு அது ஒருமுறை லோரியில் ஏறி வந்தது.

அது ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்தேன். தலைமை ஆசிரியர், உதவி ஆசிரியர், மணியடிப்பவர் ஆகிய மூவரும் நானே. எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததில்லை. தோட்டத்துத் துரை போர் நெருங்கியதுமே மலையிறங்கிப் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் கணக்கு எழுதும் கிராணியார் ஞானமுத்து உட்கார்ந்தார். அதுவும் நுனியில்தான், துரை திடீரென்று திரும்பி வந்தால் எழுந்துகொள்ள வசதியாக. தேயிலையை வாங்க ஆளில்லை. பாதி மலையில் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன; மீதியில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சீனிக்கிழங்கு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கோணிச்சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். குளிர் மட்டும் போருக்கு முன்பு இருந்த அளவிலேயே கிடைத்தது.

வெள்ளைக்காரன் காலத்திலும் மாத அறிக்கை உண்டு. எனக்கு முன்பிருந்த ஆசிரியர் பொறுப்பை ஒப்படைக்கும்போது மேசைச் சாவி, பிரம்பு இவற்றோடு ஓர் உபதேசமும் செய்தார். "போன மாசத்த எடு, மாசத்தின் பேர மாத்து, ஒரு வரி கூட்டு. அவ்வளவுதான் தம்பி." அவர் பதினோரு ஆண்டு அப்படியே செய்திருந்தார். கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஆண்டு முழுவதும் எல்லா மாதமும் பள்ளித் தோட்டத்தில் தக்காளி காய்த்திருந்தது. ஒருவரும் கேட்டதில்லை. அறிக்கையைக் கேட்டு வாங்குவார்கள்; படிக்கமாட்டார்கள். நிர்வாகம் என்றால் இதுதான் என்று நானும் நம்பிவிட்டேன்.

புதிதாக ஆள வந்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவர்கள் படித்தார்கள்.

இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தானா ராத்தாவில் இருந்த ஜப்பானியர் அலுவலகத்துக்கு மாதக் கடைசி நாளுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். தபாலை நம்ப முடியாது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக் கீழே போகும் லோரி வாரம் ஒருமுறை வெறுமையாகத் திரும்பும். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய வண்டி அது. ஏற்றத்தில் அதைவிட நாம் வேகமாக நடக்கலாம். அதன் ஓட்டுநர் கையில் கொடுத்தால் கடிதம் போய்ச் சேரும். ஏப்ரல் மாதத்தில் அந்த லோரி எங்கள் வழியாகக் கடைசியாகப் போனது இருபத்தைந்தாம் தேதி. அதனால் நான் இருபத்தைந்தாம் தேதியே மாதத்தை முடித்துவிட்டேன்.

அதில் ஒரு சிக்கல். ஏப்ரல் இருபத்தொன்பது ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்த நாள். எல்லாப் பள்ளிகளும் விழா எடுக்க வேண்டும், அறிக்கையில் அது இடம்பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. இடம்பெறச் செய்தேன். சற்றுத் தாராளமாகவே செய்தேன். இனி நடக்கப்போகும் விழாவில் குறை இருக்க வழியில்லை அல்லவா?

நான் எழுதியதன் சாரம் இது. காலையில் மாணவர்கள் கொடிக்கு முன்னால் சக்கரவர்த்தி வாழும் திசை நோக்கி வணங்கினார்கள். வாழ்த்துப் பாட்டைப் பிழையின்றிப் பாடினார்கள். தோட்டத்துக் கிராணியார் ஜப்பானியரின் நிப்பொன் மொழியில் கால் மணி நேரம் உரையாற்றினார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். தோட்டத்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. ஆண்கள் வென்றார்கள், பெண்கள் தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு விருந்து அளிக்கப்பட்டது.

இருபத்தெட்டாம் தேதி காலை, வாய்பாடு நடந்துகொண்டிருந்தபோது கிராணியார் மேட்டில் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஞாயிறு ஜெபத்துக்குக்கூட அவர் நடந்துதான் வருவார், தாமதமாக.

"வாத்தியாரே, தானா ராத்தாவிலருந்து டெலிபோன். நாளைக்கி அதிகாரி வர்றாராம்."

"விழாவுக்கா?"

"உங்க அறிக்கையக் கையில எடுத்துக்கிட்டு வர்றாராம். அதுல இருக்கிறபடி எல்லாம் இருக்கணும்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. அப்படி என்னதான்யா எழுதுனீங்க?"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் ஆசிரியர், இல்லாத பிள்ளைகளை இருப்பதாக எழுதியிருந்தார். ஜப்பான்காரன் வந்து எண்ணிப் பார்த்தான். மறு வாரம் பள்ளியை மூடினார்கள். ஆசிரியரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் திடகாத்திரமான ஆண்களையெல்லாம் அள்ளிப் போயிருந்தார்கள். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வந்ததில்லை. நான் ஆசிரியர் என்பதால்தான் பட்டியலில் சேராமல் இருந்தேன். பொய் எழுதும் ஆசிரியருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. நகல் வைத்திருந்தேன். எடுத்து வாசித்தேன். கிராணியார் கொடி, பாட்டு வரைக்கும் தலையாட்டினார்.

"கால் மணி நேரமா? நானா? நிப்பொன் மொழியிலயா?"

"மரியாதையா இருக்கட்டுமேன்னு எழுதினேன்."

"யாருக்கு மரியாதை? எனக்கு இச்சி, நி, சான்னு எண்ணத் தெரியும். அத வச்சுக் கால் மணி நேரம் எண்ணட்டுமா? கண் கலங்குமா அதுக்கு?"

அவரை ஒருவாறு சமாதானப்படுத்திவிட்டுக் கயிற்றுப் போட்டிக்கு ஆள் சேர்க்கப் போனோம். ஆண்கள் என்று எங்களிடம் மிஞ்சியிருந்தவர்கள் சிலர்: நாவிதர், கோயில் பண்டாரம், காய்ச்சல் விட்டும் விடாமலும் நடமாடிய இருவர், ஒற்றைக் கண் காவல்காரர், ஆள் பிடிக்க வந்தவர்களே வேண்டாம் என்று விட்டுப்போன மூன்று கிழவர்கள். பெண்கள் பக்கம் அப்படியல்ல. தினமும் மலைச் சரிவில் மண்வெட்டி போடுகிறவர்கள். அவர்களுக்குத் தலைவி என்று யாரும் நியமிக்காமலே தலைவியாக இருந்தவள் அஞ்சலை. முன்பு கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுடைய இரண்டு பெண்கள் என் பள்ளியில் படித்தார்கள். அவள் கணவன் சயாமுக்குப் போயிருந்தான்.

கிழங்குக் கொல்லையில் நின்று நான் வாசித்ததை அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"நாங்க எப்ப வாத்தியாரே தோத்தோம்?"

"இருபத்தொம்பதாம் தேதி."

"இன்னிக்கி?"

"இருபத்தெட்டு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

"பிள்ளைங்களுக்குத்தானே நீங்க வாத்தியாரு? எங்கள எதுக்கு உள்ள இழுத்தீங்க?"

"பெற்றோர் பங்குன்னு படிவத்துல ஒரு இடம் இருக்கு. காலியா விட்டா நல்லா இருக்காது."

"நல்லா இல்லாட்டியும் நாங்க தோக்காம இருந்திருப்போம்ல?"

கிராணியார் குறுக்கே வந்தார். "ஏ அஞ்சலை, பேச நேரமில்ல புள்ள. நாளைக்கி கயித்தப் புடிச்சமா, விட்டமான்னு இருங்க. இல்லாட்டி வாத்தியாரச் சயாமுக்கு அனுப்பிருவான்."

"எம்புருசன அனுப்புனப்ப எந்த அறிக்கையும் வரலியே கிராணியாரே." மண்வெட்டியைத் தூக்கினாள். "நாளைக்கிப் பாக்கலாம் போங்க."

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா கூடாதா என்று கிராணியாரும் நானும் மேடு ஏறும் வரை விவாதித்தோம். முடிவுக்கு வரவில்லை. குழந்தைகள் கொட்டகையில் இருந்த இரண்டு அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்தோம். விருந்து என்று எழுதியிருந்தேனே தவிர, எதை என்று எழுதவில்லை. அவித்த சீனிக்கிழங்கை விருந்து என்று சொல்ல எந்தச் சுற்றறிக்கையும் தடையாக இல்லை. என்னுடைய வாசகத்தில் அந்த ஓர் இடத்திலாவது முன்யோசனை இருந்தது என்று சற்றுத் தெம்பாக இருந்தேன்.

மறுநாள் காலை பனி விலகுமுன் அலுவலகத்து லோரி வந்தது. அதிகாரி இறங்கினார், குட்டையான மனிதர், நீளமான வாள், கழுத்தில் புகைப்படக் கருவி. கூடவே ஓட்டுநரும், மொழிபெயர்ப்பாளன் தங்கராசுவும். தங்கராசு ஈப்போ பையன். ஆறு மாதத்தில் நிப்பொன் மொழி கற்றுக்கொண்டவன். என் ஆங்கில அறிக்கைகளை அவன்தான் மாதாமாதம் மொழிபெயர்த்து வந்தான். லோரியின் பின்புறத்தில் ஒரு சாக்கு இருந்தது. வாய் தைத்த அரிசிச் சாக்கு.

அதிகாரி காகிதத்தை விரித்து என்னிடம் ஏதோ கேட்டார். தங்கராசு சொன்னான்: "இது எப்படி முன்னாடியே நடந்துச்சுன்னு அதிகாரி துவான் கேக்குறாரு."

இப்படிப்பட்ட நேரத்தில் உங்களுக்கு இரண்டு வழி இருக்கும். மன்னிப்புக் கேட்பது ஒன்று. மன்னிப்புக் கேட்டால் குற்றம் நடந்திருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். நான் நிமிர்ந்து நின்றேன். "இது நிகழ்ச்சி நிரல் என்று சொல். இந்தப் பள்ளியில் திட்டமிட்டால் அது நடந்தது மாதிரி."

தங்கராசு சொன்னான். அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாகக் குறி போடப் போகிறார்.

கொடிக்கு வணக்கம் நடந்தது. ஒரு குறி. பாட்டு நடந்தது, பிழை இருந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் எல்லாரும் ஒரே பிழையைச் செய்தார்கள். இன்னொரு குறி. அடுத்து கிராணியார் பெட்டிமேல் ஏறினார். முகம் சாம்பலாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எண்கள் தவிரத் தமக்குத் தெரிந்த இரண்டே வார்த்தைகளில் தொடங்கினார்.

"தென்னோ ஹெய்க்கா!"

சக்கரவர்த்தியைக் குறிக்கும் சொல் அது. காதில் விழுந்ததும் அதிகாரி குதிகாலைச் சேர்த்து மரம்போல் விறைத்து நின்றார். ஓட்டுநரும் நின்றான். தங்கராசுவும் நின்றான். அந்தச் சொல்லைக் கேட்டால் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். கிராணியார் அதைக் கவனித்தார். ஞாயிறுதோறும் அரை மணி நேரம் ஜெபம் செய்கிறவருக்கு ஒரு சொல்லை எப்படி நீட்டுவது என்று நாம் சொல்லித் தர வேண்டுமா? வானத்தைப் பார்த்தார். மெதுவாக, நடுங்கும் குரலில், "தென்னோ... ஹெய்க்கா..." என்றார். அதிகாரி தளர்வதற்குள் மீண்டும் விறைத்தார். கிராணியார் கையை விரித்து ஒரு தடவை, நெஞ்சில் வைத்து ஒரு தடவை, பிள்ளைகளைச் சுட்டிக்காட்டி ஒரு தடவை. இடையிடையே இச்சி, நி, சான். விறைத்து நிற்கிறவரால் கடிகாரத்தைப் பார்க்க முடியாது. கால் மணி நேரம் ஆனதோ என்னவோ, கிராணியாருக்கே உண்மையில் கண் கலங்கிவிட்டது. அந்த உணர்ச்சியில் பழக்க தோஷமாக "ஆமென்" என்று முடித்தார். விபூதி பூசிய பிள்ளைகள் உட்பட எல்லாரும் "ஆமென்" என்று கத்தினார்கள். அதிகாரி அதைத் 'பான்சாய்' என்ற அவர்கள் வாழ்த்து முழக்கத்தின் தமிழ் என்று எடுத்துக்கொண்டு தானும் கையை உயர்த்தினார். இரண்டு குறி போட்டார். உரைக்கு ஒன்று, கண்ணீருக்கு ஒன்று.

அந்த இடைவேளையில் தங்கராசு என் காதோரம் வந்தான்.

"சார், மன்னிச்சுக்குங்க. நீங்க வெறும் விருந்துன்னு எழுதியிருந்தீங்க. சப்புன்னு இருந்துச்சு. நான் 'நிர்வாகத்தின் கருணையால் அரிசிச் சோறு'ன்னு சேர்த்துட்டேன்."

"எதுக்குடா?"

"துவானுக்குப் பிடிக்கும்னுதான். ரொம்பப் பிடிச்சுப் போச்சு. லிப்பிஸ்ல பெரிய ஆபீஸ்லருந்து அவசரமாக் கேட்டாங்கன்னு, தேதியக்கூடப் பார்க்காம தன் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு. நேத்துதான் நாள்காட்டியப் பார்த்தாரு. இப்ப போட்டோவும் கேக்குறாங்க."

இளம் ஆசிரியர்களே, அந்த நொடியில் எனக்கு ஞானம் பிறந்தது. அந்த மனிதர் என்னைப் பிடிக்க வரவில்லை. என் பொய்யில் அவரும் மாட்டிக்கொண்டிருந்தார். அறிக்கை மேலே போகப் போக அதற்குச் சொந்தக்காரர்கள் கூடிக்கொண்டே போவார்கள். ஆனால் அது பொய்த்தால் கீழே இருக்கிறவன் ஒருவன்தான் எழுதியவன்.

"அப்ப அந்தச் சாக்கு?"

"போட்டோவுக்கு சார். எடுத்ததும் திரும்ப ஏத்திக்கிட்டுப் போகணும்."

இதை அவன் தாழ்ந்த குரலில்தான் சொன்னான். ஆனால் அஞ்சலை எங்களுக்குப் பின்னால் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. லோரியைப் பார்த்தாள். பிறகு பெண்களிடம் போய் ஏதோ சொன்னாள். எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகினார்கள்.

காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தின் நடுவில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தோம். அதிகாரி புகைப்படக் கருவியோடு நின்று விசில் ஊதினார். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. நாவிதர், பண்டாரம், மூன்று கிழவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராகக் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களை அடக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் என்று கையசைத்தார். இந்த முறை ஓட்டுநரையும் தங்கராசுவையும் ஆண்கள் பக்கம் சேர்த்தார். மறுபடியும் விழுந்தார்கள். தங்கராசுவின் கண்ணாடி சேற்றில் போயிற்று.

மூன்றாவது முறை அதிகாரி வாளைக் கழற்றிக் கொடிமரத்தில் சாய்த்தார். புகைப்படக் கருவியைக் கிராணியாரின் கழுத்தில் மாட்டிவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கயிற்றின் கடைசியில் போய்ப் பிடித்தார்.

கிராணியாரின் உதடு ஓசையில்லாமல் ஜெபித்தது. எனக்கும் புரிந்தது. நாவிதர் விழுந்தால் சிரிப்பு. பெண்கள் இழுத்து அதிகாரி சேற்றில் விழுந்தால், பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அதற்குப் பிறகு அறிக்கையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நேராகச் சயாம்தான், நான் மட்டும் அல்ல.

கயிறு முறுகி நின்றது. இரண்டு பக்கமும் அசையவில்லை. பெண்கள் முழுப் பலத்தையும் போடவில்லை என்பது அவர்கள் மூக்கு விடைக்காததிலிருந்தே தெரிந்தது. நான் ஊக்கப்படுத்துவதுபோலக் கையைத் தட்டிக்கொண்டே அஞ்சலையின் பக்கம் ஓடினேன்.

"அஞ்சலை, விட்டுரும்மா."

"அரிசி எறங்கட்டும்."

"என்னது?"

"சாக்கு, வாத்தியாரே. நம்ம புள்ளைங்க சோத்தக் கண்டு எம்புட்டு நாளாச்சு? படம் புடிச்சிட்டுத் தூக்கிட்டுப் போவானாமே. அது அண்டாவுல விழட்டும். நானும் விழுறேன்."

"அவரு கேக்க மாட்டாரு."

"அப்ப அவரும் சேத்துல விழட்டும். இழுக்கட்டுமாடி?" என்று பின்னால் திரும்பினாள். "இழு!" என்றார்கள் பத்துப் பேர், ஆவலோடு.

"பொறு, பொறு!" என்றேன்.

அதிகாரியிடம் கருணையைக் கேட்டுப் பயனில்லை. அதைத்தான் அறிக்கையில் ஏற்கெனவே செலவழித்துவிட்டோமே. அவர் எதற்குக் கட்டுப்படுவார் என்று யோசித்தேன். பென்சிலை நாக்கில் தொட்டது நினைவுக்கு வந்தது. என் நகலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் ஓடினேன்.

"தங்கராசு! வரிசை தப்பிவிட்டது என்று சொல். போட்டி முடியும்போது உலையில் அரிசி வெந்துகொண்டிருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் அப்படி. சோறு இல்லாமல் போட்டி முடிந்தால் லிப்பிசுக்குப் போன அறிக்கைக்கு விரோதம்."

"அப்படி எங்க சார் இருக்கு?" என்றான் அவன், பல்லைக் கடித்துக் கயிற்றைப் பிடித்தபடி.

"நீ சேர்த்தது மட்டும் எங்கே இருந்தது? சொல்லுடா!"

அவன் சொன்னான். தலையைத் திருப்ப முடியாமல் முன்னால் பார்த்துக்கொண்டே கத்திச் சொன்னான். லிப்பிஸ் என்ற சொல் எனக்கும் கேட்டது. அதிகாரியின் முகம் கயிறு இழுத்ததில் ஏற்கெனவே சிவந்திருந்தது. அதில் புதிதாக ஒரு வேதனை தெரிந்தது. வரிசையை மதிக்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய வேதனை அது. நான் அறிவேன். ஒரு சொல் உறுமினார். ஓட்டுநர் கயிற்றை விட்டுவிட்டு லோரிக்கு ஓடினான்.

ஓர் ஆள் குறைந்ததும் ஆண்கள் பக்கம் வழுக்கத் தொடங்கியது. பண்டாரம் கோட்டை மிதித்துவிட்டார். அதிகாரியின் பூட்ஸ் சேற்றில் சறுக்கியது.

"இழுக்காதீங்கடி! நில்லு! முன்னால வா!" என்று அஞ்சலை அலறினாள். தோற்பதற்காகப் பெண்கள் படாத பாடு பட்டார்கள். கயிறு தொய்யாமல், முன்னேறாமல், எதிரியை விழவும் விடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெயிப்பது அவர்களுக்கு அதைவிட எளிது.

ஓட்டுநர் சாக்கின் தையலைக் கிழித்தான். கிழங்குக்காகக் கொதித்துக்கொண்டிருந்த இரண்டு அண்டாவிலும் அரிசி சரசரவென்று விழுந்தது. கொதிக்கும் உலையில் விழுந்த அரிசியை எந்த நிர்வாகமும் லோரியில் திருப்பி ஏற்ற முடியாது. ஓட்டுநர் காலிச் சாக்கை உதறிக் காட்டினான்.

அஞ்சலை சாக்கைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். எதிரே கயிற்றின் மறுமுனையில் மூச்சிரைக்க நின்ற அந்த மனிதரையும் பார்த்தாள். ஒரு கணம் அவள் கை மேலும் இறுகியதை நான் கண்டேன். கிராணியாரும் கண்டார், கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், வுடுங்கடி," என்றாள்.

பெண்கள் ஆரவாரமாகக் கோட்டைத் தாண்டிப் போய்ச் சேற்றில் குப்புற விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழவில்லை. சிரிப்பு. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அறிக்கையில் இருந்ததைவிடவும் சிரித்த முகங்கள். "போட்டோ, போட்டோ" என்று தங்கராசு கத்தினான். கிராணியார் கண்ணைத் திறந்து எதையோ அழுத்தினார். படத்தில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது. லிப்பிசிலிருந்து புகார் வரவில்லை.

அதிகாரி வாளை மாட்டிக்கொண்டார். எல்லாக் குறிகளையும் போட்டு முடித்தார். பிள்ளைகள் அலுமினியத் தட்டிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் சோறு வாங்கி, பேசாமல் சாப்பிட்டார்கள். பள்ளியில் அத்தனை அமைதியை நான் பிரம்பால் உண்டாக்கியதில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்ன நினைத்தார் என்று நான் கற்பனை செய்து எழுத மாட்டேன். அந்தப் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். புறப்படும்போது என்னிடம் ஒன்று சொன்னார்.

தங்கராசு மொழிபெயர்த்தான்: "இனிமே நடந்த பிறகு எழுதச் சொல்றாரு. பள்ளிக்கூடம் இருக்கட்டும்ங்கிறாரு. நீங்களும் இருக்கலாம்ங்கிறாரு."

இந்தக் கடைசி வாக்கியத்தை அதிகாரி சொன்னாரா, தங்கராசு சேர்த்துக்கொண்டானா என்று அவனிடம் நான் கேட்கவில்லை. சில மொழிபெயர்ப்புகளை மூலத்தோடு ஒப்பிடாமல் விட்டுவிடுவது நல்லது. எப்படியோ, என் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. போர் முடியும் வரை பள்ளி நடந்தது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் கடைசி நாளன்று பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து எழுதி, மறுநாள் நானே தானா ராத்தாவுக்கு நடந்து போய்க் கொடுத்தேன். அறிக்கை ஒரு நாள் தாமதம் என்று ஒவ்வொரு மாதமும் எனக்கு எச்சரிக்கை வந்தது. அவற்றை வரிசையாகக் கோப்பில் வைத்திருந்தேன்.

அன்று மாலை நான் பள்ளியைப் பூட்டும்போது அஞ்சலை வந்தாள். சேலை முழுவதும் சேறு காய்ந்திருந்தது. உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அந்தக் காயிதத்துல என்ன இருக்கு, இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தேன். ஆண்கள் வென்றார்கள், பெண்கள் தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

"அழிச்சிட்டு மாத்தி எழுதுங்க."

"அது லிப்பிசுக்கே போயிருச்சு, அஞ்சலை. ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப அடுத்த மாசத்துல எழுதுங்க. நாங்க தோக்கல, வுட்டுக் குடுத்தோம்னு. எம்புருசன் வந்து, என்னாடி தோத்துட்டீங்களாமேன்னு கேட்டா நான் எதக் காட்டுறது?"

எழுதுகிறேன் என்றேன். மே மாதத்துக் கடைசி நாளில் பேனாவைத் திறந்து அந்த இடத்துக்கு வந்தேன். அதிகாரி படிப்பார் என்ற நினைப்பு வந்தது. பெற்றோர் பங்கு என்ற இடத்தில், திருப்திகரம் என்று எழுதினேன். ஜூனிலும் அப்படியே எழுதினேன். அவள் கேட்டபோதெல்லாம் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவள் கணவன் திரும்பி வரவில்லை. ஆகவே யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுக் காலம் மாதம் தவறாமல் அறிக்கை எழுதியவன் நான். முறைப்படி எழுதினேன், நகல் வைத்தேன், ஓய்வு பெறும்போது கோப்புகளைப் பட்டியலிட்டு ஒப்படைத்தேன். அவற்றில் எங்கே தேடினாலும் இந்த ஒரு வரி கிடைக்காது. ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி நடந்த கயிறு இழுக்கும் போட்டியில் பெண்கள் இரண்டு முறை வென்றார்கள். மூன்றாவது முறை விட்டுக் கொடுத்தார்கள்.